காத்தாடிக் கம்பை நகர்த்தியது நான்தான்

பாப்பா,

வரும் வெள்ளிக்கிழமை நீ கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப்போகும் வீட்டுத் திட்டத்தை, இதைப் படித்து முடிக்கும்வரை தொடாதே. பேனாவை மூடி வை. அந்தத் திட்டத்தில் ஒரு தப்பு இருக்கிறது. அதை நீயும் செய்யவில்லை, உன் பேராசிரியரும் செய்யவில்லை. நம் லயத்து இரண்டு வீட்டு வரிசைக்கும் இடையே உள்ள சந்தின் நடுவே காற்றை அளக்க ஒரு கம்பு நட்டுவிட்டுப் போனாயே, நம் ஆட்கள் அதற்குக் காத்தாடிக் கம்பு என்று பெயர் வைத்தார்களே, அதை நான் இடம் மாற்றினேன். மாற்றியதை உன்னிடம் சொல்லவில்லை. நீ கேட்டபோது பொய் சொன்னேன். விஷயம் இவ்வளவுதான். இந்த நாலு வரியை மூன்று தடவை ஃபோனில் சொல்லப் பார்த்தேன். மூன்று தடவையும் நீ "என்னப்பா?" என்றாய், நான் "சாப்பிட்டியாமா?" என்றேன். நேற்று சாயங்காலம் நாலு மணிக்குக் கேட்டபோது, "எந்த வேளைச் சாப்பாட்டக் கேக்குறீங்க?" என்று சிரித்தாய். அதற்குமேல் ஃபோனை நம்ப முடியாது என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தேன் என்பது பேச்சுக்குத்தான். செண்டாயான் தொழிற்சாலை வாசலில், காவலுக்கு நிற்கும் ஜாகா கொட்டகைக்குள் இருந்து எழுதுகிறேன். பத்து வரிக்குள் நாலு லாரி. ஒவ்வொரு லாரிக்கும் எழுந்து தடுப்பைத் தூக்கி, நம்பரை எழுதி, திரும்ப வந்தால் எந்த வாக்கியத்தில் விட்டேன் என்று தெரியவில்லை. லாரி வராதபோதும் எழுந்துவிடுகிறேன். முப்பது ஆண்டு டிராக்டர் ஓட்டிச் செம்பனைக் குலை ஏற்றியவனுக்குத் தோட்டம் கைமாறிய பிறகு கிடைத்த வேலை, வாசலைக் காப்பது. மூன்று மாதம் ஒரு கம்பைக் காக்கத் தெரியாதவனை நம்பி இவ்வளவு பெரிய தொழிற்சாலையை விட்டிருக்கிறார்கள், பார். இரண்டு நாளாக எங்கே திரும்பினாலும் காற்றுதான் கண்ணில் படுகிறது. கொடி எந்தப் பக்கம் அடிக்கிறது, லாரித் தார்ப்பாய் எங்கே புடைக்கிறது, நாசி லெமாக் சோறு மடித்த தாள் எந்த மூலையில் போய் ஒதுங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பைத்தியம் பிடிப்பதற்கு முன் இப்படித்தான் இருக்குமோ என்னவோ. உன் அம்மா இன்று காலையில், "என்னா, முட்டையிட எடம் தேடுற கோழியாட்டம் சுத்துறீங்க?" என்று கேட்டாள். அவளிடமும் இன்னும் சொல்லவில்லை. எழுத்துப்பிழைகளைப் பொறுத்துக்கொள். உனக்கும் எனக்கும் தமிழ்ப்பள்ளி ஆறு ஆண்டுதான். அதற்குப் பிறகு நான் படிவம் மூன்றோடு நின்றேன், நீ டாக்டர் பட்டம்வரை போனாய். தமிழில் மட்டும் இரண்டு பேரும் ஒரே வகுப்பு.

இந்தத் தப்பைச் சொல்வதற்கு முன் ஒரு பழைய தப்பு. நீ வானூர்திப் பொறியியல் படிக்கப் போனபோது ரந்தா டவுனில் நான் சொல்லாத ஆள் கிடையாது. ஒட்டுக்கடையில் தே தாரிக் டீ குடிக்க வருகிறவன், முடிவெட்டுகிறவர், பசாரில் மீன் விற்கிற சீனர், எல்லாரிடமும் "எம்மவ ராக்கெட்டு செய்யப் போகுது" என்றேன். நீ செய்தது ஓர் இறக்கை. அதுவும் முழங்கை நீளத்துக்கு. அந்த இறக்கையின் மேல் காற்று எங்கே ஒட்டி ஓடுகிறது, எங்கே பிய்த்துக்கொண்டு போகிறது என்று ஒரு முழு ஆண்டு பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு ஒரு தீபாவளிக்கு வந்து, "அப்பா, நான் இனிமே ஊரு, தெரு, வீடெல்லாம் எப்படி அமைக்கிறதுன்னு ஆராய்ச்சி பண்ணப்போறேன். பேரப்பிள்ளைங்க காலத்துலயும் குடியிருக்குற மாதிரி. காத்து எறக்க மேல ஓடுற கணக்கும் கூர மேல ஓடுற கணக்கும் ஒன்னுதாம்பா" என்றாய். நான் என்ன சொன்னேன்? "பிளேன் செய்ய அனுப்புனா நீ தாமான் வீடு கட்டப் போறியா? அதுக்குக் கொந்திராக்குக்காரன் போதும்லா." முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாய். இரண்டு மாதம் வீட்டுப்பக்கம் வரவில்லை. நான் ஒட்டுக்கடையில் "பாப்பா ஏர்போட்டு கட்டுது" என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கடைக்காரர் இன்றைக்கும் ஏர்போர்ட் எப்போது திறக்கிறார்கள் என்று என்னை விசாரிக்கிறார்.

என் வாயை அடைத்தது உன் ஆய்வுக்கூடம்தான். என்னையும் அம்மாவையும் கூட்டிப்போய்க் காட்டினாயே, லாரி நீளத்துக்கு ஒரு பெட்டி, ஒரு முனையில் ஆள் உயர விசிறி. பிளேன் இறக்கையைச் சோதிக்கிற அந்தப் பெட்டிக்குள் நம் லயம் இருந்தது. வெள்ளை நுரைக்கட்டையில் இரண்டு வரிசை வீடு, கட்டைவிரல் அளவு கோயில், மேட்டின்மேல் தண்ணீர்த்தொட்டி. தாத்தா காலத்திலிருந்து யாரும் திரும்பிப் பார்க்காத லயத்தை யாரோ ஒருத்தி அடிக்கோல் வைத்து அளந்து, ஜன்னலைக்கூட விடாமல் வெட்டியிருக்கிறாள் என்று பார்த்தபோது எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. அதை மறைக்கத்தான் அசட்டுக் கேள்வி கேட்டேன். "நம்ம கக்கூசு எங்க?" "அத வைக்கலப்பா." "அதுக்குத்தான காத்து ரொம்ப வேணும்?" தமிழ் தெரியாத உன் பேராசிரியரும் சேர்ந்து சிரித்தார். நீ புகையை விட்டாய். நூல் மாதிரி வந்த புகை முதல் வரிசைக் கூரையில் ஏறி, சந்தைத் தாண்டி, இரண்டாவது வரிசைக் கூரையில் போய் இறங்கியது. சந்துக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பாத்தீங்களா, மேலயே தாவிப் போயிடுது. மத்தியானத்துல நம்ம வீட்ல உக்கார முடியாததுக்கு இதான் காரணம்" என்றாய். நாற்பது ஆண்டு வேர்வையை நீ ஒரு பென்சில் முனையில் தொட்டுக் காட்டினாய். அன்றைக்குத்தான் தாமான் கட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு உறைத்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை. அதையும் தப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்.

தோட்டத்தை வாங்கிய நிறுவனம் அறுபது குடும்பத்துக்கும் பக்கத்திலேயே வரிசை வீடு கட்டித் தர ஒப்புக்கொண்டு, அதன் அமைப்பை உங்கள் ஆராய்ச்சிக் குழுவிடம் கேட்டபோது லயமே உன்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. நீ முதலில் போட்ட படம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சந்துகள் அகலமாக, வரிசைகள் காற்றைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்து, நடுநடுவே மரம். நிறுவனத்துக்காரர்கள் நிலம் வீணாகிறது என்று முகத்தைச் சுளித்தார்கள். "பெட்டிக்குள் புகை விட்டதெல்லாம் சரி, நேரில் அளந்து காட்டு" என்றார்கள். அதற்காகத்தான் நீ காத்தாடிக் கம்பைக் கொண்டுவந்தாய். மூன்று கிண்ணம் சுற்றுகிற அந்தக் கம்பைச் சந்தின் நட்டநடுவே குழி தோண்டி நட்டாய். காலை எட்டு மணிக்கும் மத்தியானம் மூன்று மணிக்கும் அதில் தெரிகிற எண்ணை எக்ஸர்சைஸ் புத்தகத்தில் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தாய். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கிராணி வேலை அதுதான், பேனா பிடித்துச் செய்கிற வேலை. "அப்பா, இத மட்டும் நகத்திராதீங்க. அப்படி நகத்தியே ஆகணும்னா எனக்குக் கூப்புடுங்க, நான் வந்துர்றேன்" என்று இரண்டு தடவை சொன்னாய். நான் தலையாட்டினேன். முதல் ஆறு வாரம் நான் எழுதியது ஒரு புள்ளி பிசகாத உண்மை. மத்தியானத்தில் கிண்ணம் சுற்றவே சுற்றாது. ஈ வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும்.

பிறகு மாரியம்மன் திருவிழா வந்தது. ரதம் சந்துக்குள் வந்துதான் திரும்பும், அது உனக்கே தெரியும். மேலே குடை, இரண்டு பக்கமும் விளக்குச் சட்டம், பின்னால் ஜெனரேட்டர் லாரி. நட்டநடுவே உன் கம்பு. கோயில் தலைவர் வந்து, "யோவ், உம்மவ கம்ப எடுத்துரு. ஆத்தா வர்ற வழியில நிக்குது. நீ எடுக்கலன்னா நான் புடுங்கிருவேன்" என்றார். உனக்கு ஃபோன் செய்திருக்க வேண்டும். நீ கோலாலம்பூரில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாய். இரண்டு மணி நேர விஷயத்துக்கு ஏன் பிள்ளையை இழுக்கவேண்டும் என்று நினைத்தேன். நானே பிடுங்கினேன். ரதம் போனது. மறுநாள் பார்த்தால் உன் குழி இருந்த இடத்தில் அன்னதானப் பந்தலின் கால் நிற்கிறது. பந்தலைப் பிரிக்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள். சரி, அதுவரைக்கும் என்று கம்பைக் கொண்டுபோய்த் தண்ணீர்த்தொட்டி மேட்டில் நட்டேன். அங்கே ஏன் என்று கேட்பாய். அங்கே நட்டால் நம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே, உன் பழைய பைனாகுலரை வைத்து எண்ணைப் படித்துவிடலாம். முட்டி வலிக்கு நடக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டதற்கு, "பாப்பாதான் வைக்கச் சொல்லுச்சு" என்றேன். பந்தலைப் பிரித்தார்கள். கம்பு மேட்டிலேயே இருந்தது. நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று மூன்று மாதம் ஓடியது. மேட்டின்மேல் கிண்ணம் காற்றாடி மாதிரி சுற்றியது. கையில் டீயோடு அதைப் பார்ப்பதற்கே அழகாக இருந்தது.

நீ எண்களை வாங்கிப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தாயே, அந்த உரையாடல் ஒரு வார்த்தை விடாமல் எனக்கு மனப்பாடம். "அப்பா, திருவிழாவுக்கு அப்புறம் சராசரி காத்து ரெண்டு மடங்கு ஆயிருக்கு. கம்ப யாராச்சும் தொட்டாங்களா?" "யாரும் தொடலமா." "அப்ப எப்படிப்பா?" நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கிழக்குப் பக்கத்தில் கடைசியாக நின்ற பால்மர வரிசையை அந்தத் திருவிழா வாரத்தில்தான் வெட்டியிருந்தார்கள். "மரத்த வெட்டிட்டாங்கல்ல, அதான்" என்றேன். என் நாக்குக்கு எங்கிருந்து அவ்வளவு அறிவு வந்தது என்று தெரியவில்லை. படிவம் மூன்றில் வந்திருந்தால் நானும் எங்கேயோ போயிருப்பேன். பிறகு சொன்னாய்: "டன்னல் பெட்டி வேற மாதிரி சொல்லுதுப்பா. ஆனா நேர்ல அளந்தது பொய் சொல்லாதுல்ல." பாப்பா, உன் கண்ணெதிரே ஓடிய புகையை விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து நான் எழுதிய எண்ணை நம்பினாய். நீ கம்பை எடுக்க வருகிறாய் என்று தெரிந்ததும் முதல் நாளே அதைப் பழைய இடத்தில் நட்டு, அடியில் புல்லை ஒட்டி, தண்ணீர் தெளித்து, பழசு மாதிரி ஆக்கினேன். அந்த நேரத்தில் முட்டி வலிக்கவே இல்லை. நீ வந்து பார்த்து, "நல்லா பாத்துக்கிட்டீங்கப்பா" என்று எனக்கு ஒரு சட்டை கொடுத்தாய். அதை இன்னும் நான் போடவில்லை. அளவு சரியில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அளவு சரியாகத்தான் இருக்கிறது.

இதற்குமுன்னும் ஒரு தடவை இப்படிச் செய்திருக்கிறேன். நீ பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, குலை ஏற்றிய டிராக்டரைச் சரிவில் வேகமாக விட்டுக் கவிழ்த்தேன். துரையிடம் பிரேக் பிடிக்கவில்லை என்றேன். அந்தப் பிரேக்கை முதல் நாள்தான் பார்த்துக் கொடுத்திருந்தார் தோட்டத்து ஃபிட்டர். அவரைக் கோலா கிளாவாங் பக்கம் வேறொரு தோட்டத்துக்கு மாற்றினார்கள். சாமான்களை லாரியில் ஏற்றும்போது என்னைப் பார்த்து, "பிரேக்கு நல்லாத்தான இருந்துச்சு தம்பி?" என்று மட்டும் கேட்டார். சண்டைக்கு வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தான் எங்கே பிசகினோம் என்று அந்த மனிதர் மிச்ச நாளெல்லாம் யோசித்திருப்பார். நான் பதில் சொல்லவில்லை. அவர் இறந்துபோனதாகக் கேள்விப்பட்டபோதும் போகவில்லை. உனக்கு அறிவுரை சொல்ல வேண்டிய வயதில் இதையெல்லாம் சொல்கிறேனே என்று நினைக்காதே. இதுதான் அறிவுரை. நேர்மையாக வேலை செய்த ஒருத்தன் தன்னையே சந்தேகப்படும்படி செய்வதைவிடப் பெரிய திருட்டு எனக்குத் தெரிந்து இல்லை. அதைத்தான் உன்னிடமும் செய்தேன். உன் பெட்டியும் உன் புகையும் சரியாகத்தான் சொல்லின. உன்னையே அவற்றைச் சந்தேகப்பட வைத்தேன்.

அப்படியிருந்தும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் திறக்க வைத்தது. கோயில் மண்டபத்தில் வீட்டுக்குக் குலுக்கல் போட்டார்கள். உன் புதுப் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். என் எண்ணை நம்பி நீ திருத்திய படம். சந்துகள் ஒடுங்கிவிட்டன, வரிசைகள் நேராகிவிட்டன, கிழக்கில் மரமே இல்லை. ஆறு வரிசை, வரிசைக்குப் பத்து வீடு. எனக்குக் கார்னர் லாட், மூலை வீடு, விழுந்தது. எதிர்வீட்டுச் சரசு அக்காவுக்கு மூன்றாவது வரிசையில் ஐந்தாவது வீடு, நட்டநடு. அவர் கணவர் தங்கராஜு அண்ணன் இருபது ஆண்டு தோட்டத்தில் களை மருந்து அடித்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர், வீட்டுக்குள் புழுங்கினால் மூச்சு விட முடியாமல் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். எல்லாரும் "அச்சச்சோ, நடு வீடா" என்றார்கள். சரசு அக்கா சீட்டைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "என்னா அச்சச்சோ? நடு வீட்டுக்கும் காத்து வரும்னு பாப்பா கணக்குப் போட்டுருக்கு. கம்பு நட்டு அளந்த கணக்குலா. அவங்கப்பாதான் தெனமும் எழுதுனாரு, கேட்டுப் பாருங்க." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் பாதி வடை இருந்தது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டு.

வெளியே வந்ததும் அவர் பின்னாலேயே ஓடினேன். "அக்கா, என் கார்னர் லாட்ட நீங்க எடுத்துக்குங்க. ஒங்க வீட்ட நான் எடுத்துக்கறேன்." சரசு அக்கா நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் தம்பி?" "சும்மாதாங்க்கா. அண்ணனுக்கு நல்லாருக்குமேன்னு." "நீ கறிவேப்பில கேட்டாலே ரெண்டு கொத்துதான் ஒடிச்சுக் கொடுப்ப. வீட்ட சும்மா கொடுக்கிறியா? என்னா விசயம்?" ஒன்றும் இல்லை என்று சொல்லி வந்துவிட்டேன். பாதி வழியில்தான் கணக்கு உறைத்தது. சரசு அக்காவிடம் நான் மாற்றிக்கொள்ளலாம். ஆறு வரிசையில் மூலை வீடு பன்னிரண்டு, நடு வீடு நாற்பத்தெட்டு. மற்ற நாற்பத்தேழு வீட்டுக்கு நான் எங்கே போய் மூலை வாங்குவது? லயத்தில் புழுக்கம் தாங்காவிட்டால் வாசலில் வந்து உட்காரலாம். நாளைக்கு ஒடுங்கிய சந்தில் சிமெண்டு வீடு, எதிரே கார் நிற்கும், வாசலும் புழுங்கும். தங்கராஜு அண்ணன் எங்கே போய் உட்காருவார்?

ஆகவே, உனக்கு வேண்டிய தகவல் இதோ. திருவிழாவுக்கு முன் நான் எழுதிய பக்கங்கள் மட்டும் உண்மை. ரதம் வந்த மறுநாள் தொடங்கி, நீ கம்பை எடுக்க வந்ததற்கு முதல் நாள்வரை எழுதியதெல்லாம் தொட்டி மேட்டுக் காற்று. பழைய குழியிலிருந்து மேட்டுக்கு நேற்று நடந்து பார்த்தேன், என் காலடிக்கு நூற்றுப் பதினாலு. மேட்டின் உயரம் என் தோள்வரை. இதை வைத்து ஏதாவது மீட்க முடியுமா என்று உன் கணக்குக்குத்தான் தெரியும். என் மர விளக்கத்தை அடியோடு அடித்துவிடு. மரம் எதையும் மறிக்கவில்லை. அது பாவம், நிழல் கொடுத்துக்கொண்டு நின்றது. எந்தக் கருவிக்கும் கொஞ்சம் பிழை உண்டு, அதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று ஒரு தடவை எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். என்னையும் அப்படி ஒரு பக்கத்தில் எழுது. இனி எங்கே கம்பு நட்டாலும், அதைப் பார்த்துக்கொள்கிற ஆள் எவ்வளவு நல்லவர் என்று மட்டும் பார்க்காதே. அவருக்கு முட்டி வலி இருக்கிறதா, கோயில் தலைவருக்குப் பயந்தவரா என்றும் கேள். ஒரு நாள் அவரிடம் சொல்லாமல் வந்து பார். அப்பா என்பதற்காக விட்டுவிடாதே. அப்பா என்றால் இரண்டு தடவை வந்து பார். வெள்ளிக்கிழமைத் தேதியைத் தள்ளிவைக்கச் சொல். நிறுவனத்துக்காரர்கள் கத்துவார்கள். உன் பேராசிரியர் முகம் மாறலாம். உன் வேலைக்கே இதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்துத்தான் எழுந்து எழுந்து நடக்கிறேன். ஆனால் கம்பைத் திரும்பக் கொண்டுவந்து நட்டே ஆகவேண்டும். இந்த முறை அதை என்னிடம் கொடுக்காதே.

இதற்குக் கீழே இருப்பதை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன், மணி ஆறு. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அந்தச் சட்ட அளவு சரியாத்தான இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். பாத்திரங்கள் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கின்றன. இதுவரை எழுதிய பக்கங்களை ரந்தாவில் நகல் எடுத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். குலுக்கல் முடிவுகளை ஒட்டியிருக்கும் பலகையில் இடம் இருந்தது. மைதா மாவுப் பசையோடு நான் நின்றதைப் பார்த்துச் சரசு அக்கா வந்தார். பக்கங்களை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதட்டை அசைத்து, கடைசிவரை படித்தார். ரொம்ப நேரம் ஆனது. "நடு வீடுன்னு நான் சிரிச்சுக்கிட்டு வந்தேன்டா" என்றார். இத்தனை ஆண்டில் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். நான் தலை நிமிரவில்லை. "இத மொதல்ல பாப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"இல்லக்கா. மொதல்ல இங்க ஒட்டுறேன். அப்புறந்தான் அதுக்கு அனுப்பணும்."

"பெத்த புள்ளைக்குச் சொல்லாம ஊருக்குச் சொல்றியா? கிறுக்குப் புடிச்சிருக்கா?"

"அதுக்கு மொதல்ல சொன்னா, என் மானத்தக் காப்பாத்தப் பாக்கும்க்கா. கருவி கெட்டுப்போச்சு, நான்தான் தப்பா அளந்தேன்னு எதயாச்சும் எழுதிரும். தப்ப அது தலையில போட்டுக்கும்."

சரசு அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கி, "கோணலா ஒட்டுற" என்று சொல்லி, நாலு மூலையையும் அவரே உள்ளங்கையால் தேய்த்து ஒட்டினார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. இப்போது அங்கே ஏழெட்டுப் பேர் நின்று படிக்கிறார்கள். யாரோ சத்தமாக வாசிப்பது இங்கே கேட்கிறது, கக்கூஸ் வரும் இடத்தில் சிரிப்பும் கேட்டது. அதற்குப் பிறகு சிரிப்புச் சத்தம் இல்லை.

இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து உனக்கு அனுப்பப்போகிறேன். படித்ததும் அழாதே, அல்லது அழுதுவிட்டுத் திட்டத்தை நிறுத்த ஃபோன் செய். என்னைத் திட்டுவதற்கு எப்போது வேண்டுமானாலும் வா, அம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நில். அப்பா பெயர் கெடாமல் இதை வேறு மாதிரி எழுதிவிடலாமா என்று உனக்கு ஒரு நொடி தோன்றும். தோன்றாமல் இருக்காது, நீ என் மகள். அதற்கு வழியில்லை, பாப்பா. இப்போதுதான் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். பசை காய்ந்துவிட்டது.

அப்பா